புது வெப்சைட் வந்தது, போன் அடிப்பது நின்றது

கோவையில் கணபதி பக்கம் எங்களுக்கு மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை. அப்பா ஆரம்பித்தது. இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல், புஷ், ஷாஃப்ட், த்ரஸ்ட் பேரிங், கெப்பாசிட்டர் என்று ஒரு பம்புக்குள் என்னென்ன தேயுமோ அத்தனையும் வைத்திருக்கிறோம். நேரில் வருகிறவர்களை விட, போனில் கேட்டு பார்சல் சர்வீஸில் வரவழைக்கிறவர்கள்தான் அதிகம். அவர்கள் எங்களைக் கண்டுபிடித்ததெல்லாம் கூகுளில். அரூரிலோ கோலாரிலோ ஒரு மெக்கானிக் கிணற்று மேட்டில் பம்பைப் பிரித்துப் போட்டிருப்பார். உடைந்த பாகத்தின் மேல் இருக்கும் நம்பரை போனில் தட்டுவார். எங்கள் சைட்டின் அந்தப் பக்கம் வரும், அடியில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுவார். கோடையில் ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது அழைப்புகள் இப்படியே வந்துகொண்டிருந்தன. இதற்காக நாங்கள் ஒரு ரூபாய் விளம்பரம் செய்ததில்லை.

அந்தப் பழைய சைட்டை 2016ல் நண்பர் ஒருவர் பிஎச்பியில் (சர்வரில் ஓடும் ஒரு நிரல்மொழி) எழுதிக் கொடுத்தார். பொருளின் பெயர், அளவு, எந்த மாடலுக்குப் பொருந்தும், ஒரு போட்டோ, போன் நம்பர், அவ்வளவுதான் ஒரு பக்கம். அப்படி 600 சொச்சம் பக்கங்கள். செல்போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். 2022 தீபாவளி சமயத்தில் இதை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்து ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். கூலி 1,35,000 ரூபாய். ரியாக்ட் என்ற கருவியில் செய்கிறோம், ஆப் மாதிரி ஓடும் என்றார்கள். சொன்னபடியேதான் இருந்தது. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பக்கம் வெள்ளையாகிக் காத்திருக்காது, வழுக்கிக்கொண்டு போகும். 2023 பொங்கல் கழிந்து சைட்டை மாற்றினோம். அப்பா என் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது கண்ணு" என்றார். அந்த சந்தோஷம் மூன்று வாரம் இருந்தது.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் கடையில் போன் எடுக்கும் பையன் வந்து, "ஏனுங்கண்ணா, லைன்ல ஏதாச்சும் கோளாறுங்களா? காலையில இருந்து ரெண்டே ரெண்டு போன்தான் வந்திருக்குதுங்க" என்று கேட்டான். என் போனிலிருந்து கடை எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் மணி அடித்தது. எங்கள் வியாபாரத்தில் மாசியிலிருந்து வைகாசி வரைதான் சீசன். கிணற்றில் தண்ணீர் இறங்கும், மோட்டார் மணிக்கணக்கில் ஓடும், சீல் போகும், காயில் எரியும். ஏற வேண்டிய நேரத்தில் அழைப்பு இறங்கியது. சைட் செய்தவர்களைக் கேட்டேன். "சைட் மாத்தினா கூகுளுக்குப் பழக ரெண்டு மாசம் ஆகுங்க சார், வெயிட் பண்ணுங்க" என்றார்கள். இதில் பாதி உண்மை. பக்கங்களின் முகவரி மாறும்போது தேடலில் சில வாரங்கள் தடுமாற்றம் வருவது வழக்கம்தான். அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் மார்ச் மாதம் முழுவதையும் தொலைத்தேன்.

அப்போதே ஒரு அறிகுறி கண்ணெதிரே இருந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், திருவண்ணாமலைப் பக்கம் காயில் கட்டுகிறவர், மூன்று பொருளின் லிங்க் வாட்ஸாப்பில் கேட்டார். அனுப்பினேன். மூன்றிலும் எங்கள் கடை லோகோவும் கடைப் பெயரும் மட்டும்தான் வந்தன, பொருளின் படமோ பெயரோ இல்லை. "எல்லாம் ஒரே லிங்க்காட்டம் தெரியுதுங்களே, எது சீல் எது புஷ்ஷுன்னு எப்படிங்க பார்க்கிறது?" என்று கேட்டார். சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன். லிங்க்குக்கு முன்னோட்டப் படம் எடுக்க வாட்ஸாப் போகும்போது அது அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை (பிரவுசருக்குள் ஓடும் நிரல்) ஓட்டிப் பார்ப்பதில்லை, சைட் இருக்கும் சர்வர் கையில் கொடுக்கும் எச்டிஎம்எல்லை (பக்கத்தின் அடிப்படை எழுத்து வடிவம்) மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடும். இது தெரிந்திருந்தால் பிப்ரவரியிலேயே பிடித்திருப்பேன். உங்கள் சைட்டின் இரண்டு வெவ்வேறு பக்கங்களை உங்களுக்கே வாட்ஸாப்பில் அனுப்பிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே படமும் ஒரே தலைப்பும் வந்தால் உடனே விசாரியுங்கள். பைசா செலவில்லாத சோதனை இது.

மார்ச் கடைசியில் பயம் பிடித்துக்கொண்டது. கூகுள் விளம்பரம் போட்டேன். இரண்டு மாதத்தில் 42,000 ரூபாய் போயிற்று. பணம் ஓடும்வரை அழைப்பு வந்தது, நிறுத்திய அன்றே நின்றது. இதற்கு நடுவிலேயே ஒருவர் எஸ்ஈஓ, அதாவது தேடலில் சைட்டை மேலே வரவைக்கும் வேலை, செய்து தருகிறேன் என்று மாதம் 15,000 கேட்டார். மூன்று மாதப் பணம் 45,000 முன்கூட்டியே கட்டினேன். அவர் வெளியே எங்கெங்கோ எங்கள் சைட்டுக்கு லிங்க் போட்டு, மாதக் கடைசியில் பெரிய ரிப்போர்ட் அனுப்புவார். உள்ளே பக்கமே காலியாக இருக்கும்போது வெளியே எத்தனை லிங்க் போட்டு என்ன? அவரும் ஒருமுறை கூட அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை. அந்த நாட்களில் ராத்திரி தூக்கம் வராது. அப்பாவிடம் "சீசன் மந்தமா இருக்குதுப்பா" என்று பொய் சொன்னேன். எழுபது வயதில் அவர் பழைய பில் புத்தகங்களை எடுத்து முந்தின வருஷத்துச் சித்திரையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது நெஞ்சு கனத்துவிட்டது.

மே மாதத்தில் ஒரு ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன். கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நம் டொமைன் பெயரைப் போட்டால் கூகுள் கையில் இருக்கும் நம் பக்கங்கள் ஓரளவு வரும் என்று எங்கோ படித்திருந்தேன். போட்டேன். பழைய 600 பக்கங்களைக் காணோம். ஒரு கை விரலில் எண்ணிவிடக்கூடிய பக்கங்கள், அத்தனைக்கும் ஒரே தலைப்பு. அப்புறம் எங்கள் சைட்டில் ஒரு இம்பெல்லர் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல் யூ அழுத்தினேன். பக்கத்தின் மூலத்தைக் காட்டும் சாளரம் வந்தது. மொத்தம் 31 வரி. ‘ரூட்’ என்று பெயர் வைத்த ஒரு காலிப் பெட்டி, கீழே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் பெயர். அதற்குள் ‘இம்பெல்லர்’ என்று தேடினேன். பூஜ்யம். விலை இல்லை, அளவு இல்லை, போன் நம்பர் கூட இல்லை. பிரவுசரின் பக்கத்து டேபில் அதே பக்கம் படமும் விலையுமாகப் பளபளவென்று இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது என்னவென்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. பழைய சைட்டில் பக்கத்தைச் சமைத்தது சர்வர். கேட்டவருக்கு இலையில் பரிமாறின சோறாகவே போனது. புது சைட்டில் சர்வர் அனுப்பியது காலி இலையும் ஒரு சமையல் குறிப்பும்தான். சமைக்க வேண்டியது பார்க்கிறவரின் பிரவுசர். என் போனிலும் அப்பா போனிலும் குரோம் அதைச் செய்துவிடும், அதனால் எங்களுக்குக் குறையே தெரியவில்லை. கூகுள் பாட், அதாவது சைட்களைப் படிக்க கூகுள் அனுப்பும் தானியங்கி நிரல், வரும்போது முதலில் அந்த காலி இலையை எடுத்துக்கொண்டு போகிறது. பிறகு பக்கம் ரெண்டரிங் (பக்கத்தைச் சமைத்து முழுதாக்குவது) வரிசையில் நிற்கும். முறை வந்ததும் தலையில்லாத குரோம் (திரையில் எதையும் காட்டாமல் ஓடும் பிரவுசர்) ஒன்று ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி, வந்த முடிவைத்தான் இன்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில், சேர்க்கிறது.

"கூகுள்தான் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுமே சார்" என்று சைட் செய்தவர்கள் சொன்னது பொய் இல்லை. 2014 மே மாதத்திலேயே, பக்கங்களை ரெண்டர் செய்து பார்க்கிறோம் என்று கூகுள் அறிவித்துவிட்டது. ஆனால் வெகுகாலம் அது ஓட்டியது குரோம் 41 என்ற 2015ஆம் வருஷத்துப் பழைய பதிப்பில். 2019 மே மாதத்தில்தான் புதிய குரோமுக்கு மாறி, அதன்பின் பதிப்புகளோடு சேர்ந்தே புதுப்பித்து வருகிறது. வரிசையில் காத்திருப்பது கூட இப்போது பெரிய பிரச்சினை இல்லை, பெரும்பாலான பக்கங்களுக்கு அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது என்று கூகுளின் மார்ட்டின் ஸ்பிளிட் 2019லேயே சொல்லியிருக்கிறார். அப்படியானால் எங்கள் பக்கங்களுக்கு என்ன ஆனது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சர்ச் கன்சோலுக்குள், அதாவது தேடலில் நம் சைட் எப்படி இருக்கிறது என்று சைட் உரிமையாளருக்கு கூகுள் காட்டும் இடத்துக்குள், போனேன். அதன் உரிமை பழைய நண்பரின் ஜிமெயிலில் இருந்தது. அவரைத் தேடிப் பிடித்து என்னை உரிமையாளராகச் சேர்க்கச் சொன்னேன். இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள், உங்கள் டொமைனும் சர்ச் கன்சோலும் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருக்கின்றனவா என்று. செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கக் கூடாது.

சர்ச் கன்சோலில் மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, ‘டெஸ்ட் லைவ் யூஆர்எல்’ அழுத்தி, வந்ததும் ‘வியூ டெஸ்டட் பேஜ்’ பாருங்கள். கூகுள் கண்ணுக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் காட்டும். எங்களுடையதில் மேலே லோகோ, கீழே முகவரி, நடுவில் ஒரு சுழல் வட்டம் பாதியில் உறைந்து நின்றது. ‘லோடிங்’ என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு டேபில், ஏற்ற முடியாத கோப்புகளின் பட்டியல். அதில் எங்கள் ஏபிஐ முகவரி, எதிரே ‘ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட் தடுத்தது’ என்று குறிப்பு. பாட்கள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சைட் எழுதி வைக்கும் கோப்புதான் அது. அதாவது பொருளின் பெயர், விலை, அளவு எல்லாம் வந்து சேர வேண்டிய வழியையே, பாட்கள் வரக் கூடாது என்று எங்கள் சைட்டே அடைத்து வைத்திருந்தது. விலைப் பட்டியலை யாரும் சுருட்டிக்கொண்டு போகக் கூடாது என்று செய்து கொடுத்தவர்கள் ஒரு ‘டிஸ்அலோ’ வரி போட்டிருந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் சுருட்டுகிறவன் அந்த வரியை மதிக்கப் போவதில்லை. மதித்தது கூகுள். ரெண்டர் செய்யும்போதும் அது ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்டை மீறுவதில்லை. விளைவு, 640 பொருள் பக்கங்களும் அதன் கண்ணில் ஒரே லோகோ, ஒரே முகவரி, ஒரே சுழல் வட்டம். ஒரே மாதிரி 640 பக்கங்களை அது ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

அதோடு முடியவில்லை. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அந்த 31 வரியில், கேனானிக்கல் என்ற குறிப்பு முகப்புப் பக்கத்தைச் சுட்டியது. ‘நான் நகல், அசல் முகப்பில் இருக்கிறது’ என்று ஒவ்வொரு பக்கமும் தானே சொல்லிக்கொண்டிருந்தது. பொருள் வகைகளுக்குப் போகும் பொத்தான்கள் நிஜமான லிங்க் இல்லை, தொட்டால் ஜாவாஸ்கிரிப்ட் வேறு பக்கத்துக்குத் தள்ளும். கூகுள் பாட் எதையும் தொடாது, கீழே உருட்டாது. எச்ரெஃப் உள்ள ஏ டேக், அதாவது போக வேண்டிய முகவரியை எச்டிஎம்எல்லிலேயே எழுதிய முறையான லிங்க், இருந்தால்தான் அதன் வழியே போகும். ‘மேலும் காட்டு’ என்ற பொத்தானுக்குப் பின்னால் இருந்த பொருள்களெல்லாம் அதற்கு இல்லாத மாதிரிதான். சைட்மேப்பும் (பக்கங்களின் முகவரிப் பட்டியல்) கிடையாது. பழைய பிஎச்பி முகவரிகளுக்கு யாராவது வந்தால் புது முகவரிக்கு அனுப்பும் 301 ஏற்பாடும் செய்யவில்லை. அவை எல்லாவற்றுக்கும் சர்வர் ‘200, சரி’ என்று சொல்லி அதே காலி இலையை நீட்டியது. ஏழு வருஷமாக அந்த முகவரிகள் சேர்த்து வைத்த மதிப்பு அப்படியே காற்றில் போயிற்று. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

கையில் ஆதாரத்தோடு அவர்களிடம் போனேன். தடுப்பு வரியை எடுத்துவிட்டார்கள், கேனானிக்கலைச் சரிசெய்தார்கள். மற்றதெல்லாம் தனி வேலை, ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். கோபத்தில் சத்தம் போட்டேன். வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால் தேடலைப் பற்றி ஒரு வரி கிடையாது. பக்கத்தின் நிறம், லோகோவின் அளவு எல்லாம் எழுதியிருந்தது. எங்கள் பிழைப்பே எதில் இருந்ததோ அதை நான் எழுதிக் கேட்கவே இல்லை.

சரி, எப்படிச் சரிசெய்தோம் என்பதைச் சொல்கிறேன். திருப்பூரில் தனியாக வேலை எடுத்துச் செய்யும் ஒரு பெண் கிடைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்க விலைப் பட்டியல் எத்தனை நாளைக்கு ஒருமுறை மாறுதுங்க?" என்பதுதான். வாரத்துக்கு ஒருமுறை என்றேன். அப்படியானால் ஒவ்வொருவர் வரும்போதும் பக்கத்தைப் புதிதாகச் சமைக்கத் தேவையில்லை, வாரம் ஒருமுறை 640 பக்கங்களையும் முழு எச்டிஎம்எல்லாகத் தயாரித்து அடுக்கி வைத்துவிடலாம் என்றார். இருந்த ரியாக்ட் வேலையைத் தூக்கி எறியாமல் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸுக்கு (ரியாக்ட் பக்கங்களை முன்கூட்டியே முழு எச்டிஎம்எல்லாகத் தயாரிக்க உதவும் கருவி) மாற்றினார். மூன்று வாரம், 38,000 ரூபாய். பாட்களுக்கு மட்டும் தனியாக ரெண்டர் செய்த பக்கத்தைக் கொடுக்கும் டைனமிக் ரெண்டரிங் என்ற முறையை இன்னொருவர் எனக்குச் சொல்லியிருந்தார். அதைப் பற்றிக் கேட்டபோது, அது தற்காலிக ஏற்பாடுதான், நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கூகுளே எழுதியிருப்பதைக் காட்டினார். எல்லோருக்கும் ஒரே பக்கம் போவதுதான் எனக்கும் சரியாகப் பட்டது. விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும் கடை என்றால், கேட்கும்போது சர்வரே ரெண்டர் செய்து கொடுக்கும் முறை வேண்டியிருக்கும். லாகின் செய்து உள்ளே போய்ப் பார்க்கும் கணக்கு வழக்குப் பக்கங்களுக்கு இது எதுவும் தேவையில்லை, அவை தேடலில் வர வேண்டியதே இல்லை.

பழைய முகவரிகளை மீட்கும் வேலையை நானே செய்தேன். சர்ச் கன்சோல் 16 மாதத் தேடல் விவரம் வைத்திருக்கும். பழைய சைட்டின் எந்தெந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது அதில் இன்னும் இருந்தது, இன்னும் ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அதுவும் போயிருக்கும். அதை எக்செல்லில் இறக்கினேன். விட்டுப்போனவற்றை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் எங்கள் பழைய சைட்டின் நகலைப் பார்த்து எடுத்தேன். இடது பக்கம் பழைய முகவரி, வலது பக்கம் புதியது. சில பழைய முகவரிகளில் பொருளின் பெயர் தமிழிலேயே இருந்தது. முகவரிக்குள் தமிழ் எழுத்து போகும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக மாறிவிடும், ‘புஷ்’ என்ற குட்டிச் சொல்லே 36 குறிகளாக நீளும். அதை அப்படியே வெட்டி ஒட்ட வேண்டும், ஒரு குறி விட்டுப்போனாலும் வேலை செய்யாது. பதினோரு ராத்திரி. அதில் ஒரு ராத்திரி அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "எந்தப் பாகம் எந்த மாடலுக்குன்னு சந்தேகம் வந்தா கேளு" என்று மட்டும் சொன்னார். அப்புறம் எனக்குத் தெரியாத நாற்பது பழைய மாடல்களை அவர்தான் ஞாபகத்திலிருந்து பொருத்திக் கொடுத்தார்.

ஆகஸ்டில் மாற்றினோம். சைட்மேப் கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் எழுந்ததும் சர்ச் கன்சோலைத்தான் திறப்பேன். கூகுள் சேர்த்துக்கொண்ட பக்கங்களின் எண்ணிக்கை மெதுவாக ஏறியது, நவம்பரில் 580ஐத் தாண்டியது. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் சைட், விளம்பரம், எஸ்ஈஓ, திருத்தம் எல்லாம் சேர்த்து 2,60,000 ரூபாய். ஒரு கோடைக்கால வியாபாரம் போனதை இதில் சேர்க்கவில்லை. 2024 கோடையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதிமூன்று அழைப்பு வந்தது. பழைய இருபது இன்னும் வரவில்லை. நாங்கள் இல்லாத ஏழு மாதத்தில் சில பொருள்களுக்கு மேலே பெரிய விற்பனைத் தளங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

புதிதாக சைட் செய்யக் கொடுப்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது, கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: ஏதாவது ஐந்து பொருள் பக்கங்களை நாங்கள் தேர்ந்தெடுப்போம், அவற்றின் மூலத்தில் பொருளின் பெயரும் விவரமும் இருக்க வேண்டும், லைவ் டெஸ்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டில் முழுப் பக்கம் தெரிய வேண்டும், பழைய முகவரி ஒவ்வொன்றும் புதியதற்குப் போக வேண்டும், இல்லாத முகவரிக்கு 404 (‘அப்படிப் பக்கம் இல்லை’ என்ற பதில்) வர வேண்டும். பின்கோடு கேட்டு அதைப் போனில் சேமித்த பிறகுதான் பொருளைக் காட்டுவது, இருக்கும் இடத்தைக் கேட்பது போன்றவை இருந்தால் அதையும் விசாரியுங்கள். கூகுள் பாட் அனுமதி எதையும் தராது, ஒரு பக்கத்தில் சேமித்ததை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகாது. இப்போது மெக்கானிக்குகளே ஏஐ ஆப்பில் பாக நம்பரைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நிறுவனங்கள் அனுப்பும் பாட்களில் பெரும்பாலானவை ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதே இல்லை, அவற்றுக்குக் காலி இலை காலி இலைதான்.

திருவண்ணாமலைக்காரருக்கு அந்த நவம்பரில் மூன்று லிங்க் திரும்ப அனுப்பினேன். சீல் படத்தோடு சீல், புஷ் படத்தோடு புஷ், ஷாஃப்ட் படத்தோடு ஷாஃப்ட் என்று தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தன. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "ரெண்டாவது லிங்க்ல இருக்கிறது நாலு பீஸ் போட்டு விடுங்க."